இடுப்புல ரெண்டு ஜாடி, தலையில டோப்பா இல்ல: இந்தக் குதிரைக்காரர் யாருன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க

பாளை_பேரன்:

எல்லாருக்கும் வணக்கம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும்னு மச்சுல கெடந்த தாத்தாவோட தகரப்பெட்டிய எறக்குனோம், உள்ள பழைய பரீட்சைப் பேப்பர், ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு, அதுக்கடியில நியூஸ் பேப்பர்ல சுத்தி ஒரு படப் புஸ்தகம். புஸ்தகம்னே சொல்லக்கூடாது, அட்டை கிடையாது, முன்னாடி பின்னாடி தாள் கிடையாது, நடுவுல பத்துப் பதினோரு தாள்தான் மிச்சம், ஓரமெல்லாம் பூச்சி அரிச்சுக் கெடக்கு. தாத்தா அந்தக் காலத்து இங்கிலீஷ் வாத்தியாரு, அவரு போயி இருபது வருசம் ஆவுது, கேக்க ஆள் இல்ல.

சில தாள் கலர், மத்ததெல்லாம் காப்பிப்பொடி நிறத்துல வெறும் கோட்டுப் படம், பக்கத்துல நாலு நாலு வரியா இங்கிலீஷ் பாட்டு. ஒரு கலர்ப் படத்தைப் பாத்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துட்டு. ஒரு ஆளு குதிரையில உக்கார முடியாம அது கழுத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் பறக்குதாரு, தொப்பியும் டோப்பாவும் போன எடம் தெரியல, குதிரை காலடியில பெரிய வெள்ளை வாத்துக் கூட்டம் செறகடிச்சுச் செதறுது, நாய் தொரத்துது. பாட்டை போன்ல டிக்‌ஷனரி வச்சுப் படிச்சுப் பாத்தேன், பாதிதான் வெளங்குச்சு. இடுப்புல ரெண்டு ஜாடி கட்டிருக்காராம், அப்ப குடிச்சுட்டுத்தான் ஓட்டுதாரா? சுங்கச்சாவடிக்காரன் காசு வாங்காம கேட்டைத் தெறந்து விடுதானே, அது எதுக்கு? அவரு கூட்டாளி ஒரு காலண்டர்னு வருது, மாசக் காலண்டர் அடிக்கிறவரா? படம் வரைஞ்சது யாரு, கலர் கையால போட்டதா அச்சுல அடிச்சதா?

எங்க அக்கா மக மூணாவது படிக்கா, படத்தைப் பாத்த நாள்லேருந்து கதையைச் சொல்லு மாமான்னு உசுர வாங்குதா. முழுசா தெரியாம எப்படிச் சொல்ல.

ஆத்தங்கரை_தவளை:

வேட்டைக்குப் போன வெள்ளக்காரத் துரை படம்தான் இது, குத்தாலம் பங்களாவுல எல்லாம் இப்படித் தொங்கும். கண்ணாடி போட்டு மாட்டி வச்சா நல்ல வெலைக்குப் போவும்.

ஓய்வு_டீச்சர்:

துரையும் இல்ல வேட்டையும் இல்ல. தம்பி, அது ஜான் கில்பின். நாங்க படிக்கையில மனப்பாடப் பாட்டு அது, இப்பவும் பாதி வாயில வரும். எழுதுனது வில்லியம் கூப்பர், எழுத்தைப் பாத்தா கௌப்பர்னு வாசிக்கத் தோணும், ஆனா கூப்பர்தான். 1782-ல எழுதுனாரு.

கதை இதான். கில்பின் லண்டன்ல சீப்சைடு தெருவுல ஜவுளிக்கடை வச்சிருக்காரு, ஊர்க்காவல் படையில கேப்டன் வேற. கல்யாணம் ஆயி இருபது வருசம், ஒரு நாள் கூட எங்கயும் வெளிய போனதில்லன்னு வீட்டம்மா சொல்லுதா, நாளைக்குக் கல்யாண நாள், எட்மண்டன்ல பெல்னு ஒரு சத்திரம் இருக்கு, அங்க போயி சாப்பிடுவோம்ங்கா. வண்டி ஒண்ணு பேசியாச்சு, ஆனா அதுல வீட்டம்மா, மூணு பிள்ளைங்க, அவ தங்கச்சி, தங்கச்சி பிள்ளைன்னு ஆறு பேரு ஏறியாச்சு, அதனால நீரு குதிரையில பின்னாடி வாரும்னு சொல்லிட்டா. வண்டியை வாசல்ல நிறுத்தாம மூணு வீடு தள்ளி நிறுத்தச் சொல்லுதா பாருங்க, தெருவுல எல்லாரும் பெரும அடிச்சுக்கிடுதான்னு பேசிறக்கூடாதாம். இது நம்ம டவுன் ரத வீதியில நடந்த மாதிரி இல்ல?

கில்பின் கூட்டாளிகிட்ட எரவல் குதிரை வாங்கி ஏறிட்டாரு, ஏறுன நேரம் பாத்து கடைக்கு மூணு கிராக்கி வருது. நேரம் போனா கஷ்டம்தான், ஆனா துட்டு போனா அதைவிடக் கஷ்டம்னு எறங்கிட்டாரு. வியாபாரி புத்தி எங்க போவும். அதுக்குள்ள வேலைக்காரப் பொண்ணு கத்திக்கிட்டு ஓடியாறா, ஒயின் ஜாடிய வச்சுட்டுப் போயிட்டாங்கன்னு. சத்திரத்துல ஒயின் வெலை ஜாஸ்தின்னு வீட்டம்மா வீட்டுலேருந்து கொண்டுபோவ வச்சிருந்தது அது. காது வச்ச மண் ஜாடி ரெண்டு. கேப்டன் வாள் மாட்டுத பெல்ட்டை ஜாடிக் காதுக்குள்ள விட்டு, அந்தப்பக்கம் ஒண்ணு இந்தப்பக்கம் ஒண்ணு தொங்கவிட்டு, மேல செவப்பு அங்கியப் போத்திக்கிட்டுக் கெளம்புதாரு. அதனால தம்பி, குடிக்கவே இல்ல. கல்லுத் தெருவுல மெதுவாப் போன குதிரை நல்ல ரோடு வந்ததும் ஓட ஆரம்பிச்சுது, அம்புட்டுத்தான், அதுக்கப்புறம் அவரு கையில எதுவும் இல்ல.

ஜட்கா_பேரன்:

டீச்சரம்மா சொன்னதுல குதிரைச் சமாச்சாரத்தை மட்டும் நான் சொல்லுதேன், எங்க தாத்தா ஜங்ஷன்ல ஜட்கா ஓட்டுனவரு. இது எரவல் குதிரை, இதான் கதையோட முடிச்சே. எரவல் குதிரை ஏறுனவன் சொல்லுத எடத்துக்குப் போவாது, அது லாயத்துக்குத்தான் போவும். எங்க தாத்தா சொல்லுவாரு, சவாரி இல்லாம கயித்த விட்டுட்டுத் தூங்குனா முழிக்கையில வண்டி வீட்டு வாசல்ல நிக்கும்னு. அந்தக் கூட்டாளி வீடு இருக்கது வேர்ங்கிற ஊர்ல, எட்மண்டனுக்கும் அந்தப்பக்கம், பாட்டுல பத்து மைல்னு வருது. அதனால எட்மண்டன்ல சத்திரத்து மாடியில நின்னு வீட்டம்மா கத்துதா, இதான் சத்திரம், சாப்பாடு காத்துக்கெடக்கு, நாங்க அலுத்துப்போயிட்டோம்னு, நானுந்தான்னு சொல்லிக்கிட்டே கில்பின் போய்க்கிட்டே இருக்காரு. குதிரைக்கு எட்மண்டன்ல என்ன சோலி?

சுங்கச்சாவடி விசயம். குதிரை ரேஸ்ல ஆளுக்கு இவ்வளவு எடைன்னு கணக்கு உண்டு, ஜாக்கி ஒல்லியா இருந்தா ஈயம் வச்சு எடையச் சரிக்கட்டுவாங்க. தெருவுல நின்ன சனம் இடுப்புல தொங்குன ஜாடியப் பாத்துட்டு, எடை கட்டிக்கிட்டு ரேஸ் ஓடுதாருவே, ஆயிரம் பவுண்டு பந்தயம்வேன்னு கெளப்பி விட்டுட்டு. ரேஸ் குதிரைய நிறுத்தக்கூடாதுல்லா, அதான் கேட்டைத் தெறந்துட்டான். நாங்குநேரி டோல்கேட்ல நமக்கு இப்படித் தெறந்து விட்டா எப்படி இருக்கும். இதுல நல்ல எடம் எதுன்னா, ஜாடி ரெண்டும் மோதி ஒடஞ்சு ஒயின் பூரா ரோட்டுல போயிரும், குதிரை விலாவுல ஆவி பறக்கும், ஆனா ஜாடியோட கழுத்து மட்டும் பெல்ட்டுல தொங்கிக்கிட்டே இருக்கும், அதைப் பாத்துட்டு சனம் இன்னும் எடை கட்டித்தான் ஓடுதாருன்னு நம்பும்.

சங்கரன்கோவில்_தறி:

காலண்டர்ங்கிறது மாசக் காலண்டர் இல்லண்ணே. நெஞ்ச துணிய ரெண்டு பெரிய உருளைக்கு நடுவுல அழுத்தி விட்டு மடமடப்பும் பளபளப்பும் ஏத்துத வேலைக்கு இன்னைக்கும் எங்க லைன்ல காலண்டரிங்னுதான் பேரு. தறியிலேருந்து எறக்குன துணி சொரசொரன்னு இருக்கும், காலண்டரிங் முடிஞ்சு வந்தா அதே துணி கடையில விரிச்சுப்போட லட்சணமா ஆயிரும். அந்தக் காலத்துல அந்த வேலை செய்யுத ஆளுக்கே காலண்டர்னு பேரு. ஜவுளிக்கடைக்காரருக்கு காலண்டரிங்காரர் கூட்டாளியா இருக்கது நியாயந்தான, அவருகிட்ட எரவல் கேக்க உரிமை உண்டு. மாசக் காலண்டருக்கு சிவகாசியக் கேளுங்க.

சிவகாசி_மெஷின்மேன்:

கூப்பிட்டுட்டீங்க, வந்துட்டேன். எங்கப்பா லித்தோ கல்லு தேய்ச்சவரு, நான் ஆஃப்செட். கோவில்பட்டி கொண்டையராஜு சாமி படம் வரைஞ்சு எங்க ஊர்ல காலண்டரா அடிச்சு வீட்டுக்கு வீடு தொங்குச்சுல்லா, அந்த மாதிரி லண்டன்ல எட்மண்ட் எவன்ஸ்னு ஒரு அச்சாபீஸ்காரர் படப் புஸ்தகத்துல பேரெடுத்தவரு. உங்க புஸ்தகம் அவரு அச்சடிச்சதுதான், வரைஞ்சது ராண்டால்ஃப் கால்டிகாட், வெளியிட்டது ரௌட்லெட்ஜ், வருசம் 1878, வெலை ஒரு ஷில்லிங்.

கலர் கையால போட்டது இல்ல, ஆனா இப்ப நாங்க அடிக்கிற மாதிரியும் இல்ல. கால்டிகாட் பேனாவுல கோட்டுப் படமா வரைஞ்சு குடுப்பாரு. அதைப் போட்டோ முறையில மரக்கட்டை மேல ஏத்தி, ஆளுங்க உளி வச்சுச் செதுக்குவாங்க. மரம் பாக்ஸ்வுட், பலகையா அறுத்தது இல்ல, அடிமரத்தைக் குறுக்க வெட்டுனா வருமே அந்த முகம், அதுலதான் தலைமுடி கனத்துக்குக் கோடு வெட்டுனாலும் பிசிறு வராது. அந்த மரம் பெருசா வளராததால சின்னச் சின்னக் கட்டையா சேத்து முடுக்கி ஒரு பிளாக்கா ஆக்குவாங்க. அதான் கீ பிளாக். அதுல ஒரு புரூஃப் அடிச்சு கால்டிகாட்டுக்கு அனுப்புனா அவரு அது மேல கலர் பூசித் திருப்பி அனுப்புவாரு, அதைப் பாத்து ஒவ்வொரு கலருக்கும் தனித்தனியா ஒரு பிளாக் வெட்டுவாங்க. கரும்பழுப்பு, முகத்துக்குத் தோல் நிறம், செவப்பு, நீலம், மஞ்சள், சாம்பல், அம்புட்டுத்தான், ஆறு. நீங்க காப்பிப்பொடி நிறம்னு சொன்னீங்களே, அதான் அந்தப் பழுப்பு. கறுப்பு மைல அடிச்சிருந்தா கோடு மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்திருக்கும், பழுப்புங்கறதால பேனா ஓடுன ஈரம் இன்னும் காயாத மாதிரி தெரியுது. ஆறே கலர்ல ஒரு தெருவையே காட்டுத ஆளுங்க அவங்க. இன்னைக்கு நாலு கலர்ல கோடி நிறம் வருது, ஆனா எங்க பார்ட்டி ஒருத்தரு போன மாசம் அம்மன் சேலையில செவப்பு பத்தலைன்னு மூணு தடவ பிளேட்டை மாத்த வச்சாரு, அது ஒரு கதை.

நீங்க செய்ய வேண்டியது இது. நல்ல லென்ஸ் ஒண்ணு வாங்கி, மூஞ்சியிலயும் வானத்துலயும் வச்சுப் பாருங்க. புள்ளி புள்ளியா வட்டம் கட்டித் தெரிஞ்சா அது பிற்காலத்துல போட்டோ எடுத்து அடிச்சது, ஏன்னா இந்தப் புஸ்தகம் ரௌட்லெட்ஜுக்கு அப்புறம் ஃபிரடெரிக் வார்ன் கம்பெனிக்குப் போயி எத்தனையோ தடவ அச்சாயிருக்கு. புள்ளி இல்லாம கோடும் தட்டையான கலருமா இருந்தா கட்டையில அடிச்சது. அப்பவும் கலர் கொஞ்சம் ஒதுங்கியிருக்கான்னு பாருங்க, செவப்பு அங்கி கோட்டைத் தாண்டி ஒரு முடியளவு வெளிய வந்திருந்தா சந்தோசப்படுங்க, அது மனுசன் கை.

பாளை_பேரன்:

அண்ணாச்சி, லென்ஸ் வாங்க நாளைக்கு மார்க்கெட் போறேன். டீச்சர், ஒரு சந்தேகம். பாட்டுலதான் எல்லாம் இருக்கே, இந்த கால்டிகாட் பெருசா என்ன செஞ்சிட்டாரு? சொன்னதைத்தான வரைஞ்சிருக்காரு?

ஓய்வு_டீச்சர்:

தம்பி, அந்த டோப்பா பறக்கிற எடத்தைப் பாட்டுல நல்லா படிச்சுப் பாருங்க. வாத்து இருக்கா? குதிரை கட்டுமீறிப் போவுது, தொப்பியும் டோப்பாவும் போச்சு, அங்கி கொடி மாதிரிப் பறந்து அதுவும் போச்சு, நாய் கொலைச்சுது, பிள்ளைங்க அலறுச்சு, சன்னல் எல்லாம் தெறந்துச்சு, இவ்வளவுதான். வாத்து கால்டிகாட் கொண்டுவந்து விட்டது. அந்த வாத்தை கையால மறைச்சுட்டுப் படத்தைப் பாருங்க, குதிரை வேகம் பாதியாக் கொறஞ்சிரும். குதிரை ஓடுதுன்னு குதிரைய வச்சுக் காட்டுறது லேசு, அது வழியில வந்ததுங்க பதறுறதை வச்சுக் காட்டுறதுதான் வேலை. நம்ம தெருவுல பஸ் வேகமா போச்சுன்னு எப்படித் தெரியும், கோழி ஓடுத ஓட்டத்துலதான.

இன்னொன்னு, கில்பினை அவரு கோமாளியா வரையல. அதுக்கு முன்னாடி 1828-ல ஜார்ஜ் க்ரூக்‌ஷாங்க் இதே பாட்டுக்கு ஆறு படம் போட்டிருக்காரு, அவரு பெரிய கேலிச்சித்திரக்காரர், கை அந்தப் பக்கமே போவும். கால்டிகாட் அப்படி மூக்கை நீட்டி கண்ணைப் பிதுக்க வைக்கல. கில்பின் நல்ல மனுசன், கடன் இல்லாம பொழைக்கிறவரு, கொஞ்சம் கஞ்சம், பொண்டாட்டி மேல பிரியம். மானமுள்ள ஆளுக்கு நடுத்தெருவுல இப்படி ஆவும்போதுதான் நமக்குச் சிரிப்பும் வருது, ஐயோ பாவம்னும் தோணுது. கூப்பரும் அப்படித்தான், பாட்டு பூரா ஒரு வீரகதை பாடுத தொனியில மூஞ்சியச் சுளிக்காம பாடிட்டுப் போவாரு. கூப்பரோட நெலமை தெரிஞ்சா ஆச்சரியப்படுவீங்க. மனசு ஒடிஞ்சு ஒடிஞ்சு எழுந்த மனுசன். ஓல்னில இருக்கையில ஒரு நாள் சோர்ந்து உக்காந்திருந்தவருக்கு லேடி ஆஸ்டின்னு சிநேகிதி ஒருத்தி இந்தக் கதையைச் சொல்ல, ராத்திரி பூரா சிரிச்சு அதைப் பாட்டாக் கட்டிட்டாரு. பேர் போடாம ஒரு பேப்பர்ல வந்துச்சு. அப்புறம் ஹெண்டர்சன்னு ஒரு நடிகர் மேடையில வாசிக்கப்போயி லண்டன் பூரா பரவுச்சு.

கால்டிகாட் செஸ்டர்ல பொறந்தவரு, 1846. பதினஞ்சு வயசுல விட்சர்ச்ல பேங்க் வேலைக்குப் போயிட்டாரு, அப்புறம் மான்செஸ்டர்லயும் பேங்குதான். விட்சர்ச்ல இருக்கையில குதிரையேறி கிராமம் கிராமமாச் சுத்துனவரு, அதான் குதிரைய வரையும்போது கை தடுமாறல. கோடு கொறையக் கொறைய தப்பும் கொறையும்ங்கறது அவரு கொள்கை, எதை விடணும்ங்கறதையே ஒரு படிப்பாப் படிச்சவரு. காப்பிப்பொடிப் படத்துல பாருங்க, பின்னாடி வீடு, மரம் எல்லாம் நாலு கீறல்ல நிக்கும். எவன்ஸ் வந்து கேட்டப்ப, மொத்தமா ஒரு தொகை வேண்டாம், வித்தா அதுக்குத் தக்கன குடுங்க, விக்கலைன்னா எனக்கும் வேண்டாம்னுட்டாரு. எவன்ஸ் 10,000 பிரதி அடிச்சாரு, அடுத்த அச்சு தயாராவுறதுக்குள்ள அது தீந்துபோச்சு. அதுலேருந்து வருசத்துக்கு ரெண்டு புஸ்தகம், 1885 வரை மொத்தம் பதினாறு. 1886 பிப்ரவரியில அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல எறந்துட்டாரு, நாப்பது கூட நெறயல. அமெரிக்க நூலகச் சங்கம் பிள்ளைங்க படப் புஸ்தகத்துக்கு 1938-லேருந்து வருசாவருசம் குடுக்குத கால்டிகாட் மெடல்ல செதுக்கியிருக்கது உங்க கில்பின் குதிரை பாயுத படந்தான்.

ஜட்கா_பேரன்:

கை தடுமாறலைன்னு டீச்சரம்மா சொல்லுதீங்க, ஒத்துக்கிடுதேன், ஆனா அந்தக் காலத்து ஓவியர்மாரு பாதிப் பேரு பாயுத குதிரைய முன்னங்கால் முன்னாடி பின்னங்கால் பின்னாடி நீட்டி, தட்டான் மாதிரித்தான வரைவாங்க. நெச குதிரை அப்படிப் பாயாது. நாலு காலும் தரையில இல்லாத நேரம் கால் எல்லாம் வயித்துக்குக் கீழ மடங்கித்தான் இருக்கும். இதை மைபிரிட்ஜ் அமெரிக்காவுல வரிசையா கேமரா வச்சுப் படம் புடிச்சுக் காட்டுனதும் இதே 1878-லதான். நம்ம ஊர்ல அய்யனார் குதிரை நிக்குதே, அது காலைத் தூக்காம நின்ன எடத்துலயே பயங்காட்டுது, அது வேற வித்தை.

காமநாயக்கன்பட்டி_சீடன்:

குதிரை, தலையிலேருந்து விழுறது, கூட்டம் சிரிக்கிறது, இதெல்லாம் கேக்கையில பரமார்த்த குரு ஞாபகம் வரலியா யாருக்கும்? குரு குதிரையில போவையில தலைப்பாகை மரத்துல மாட்டி விழும், சீடனுங்க எடுக்க மாட்டானுங்க, ஏம்ல எடுக்கலைன்னா நீங்க சொல்லலியேம்பான், சரி விழுறதை எல்லாம் எடுங்கடான்னா குதிரைச் சாணியத் தலைப்பாகையில ஏந்திக் குடுப்பான். அதை எழுதுன வீரமாமுனிவர் எங்க ஊர்ல ஊழியம் பண்ணுனவருன்னு எங்களுக்கு ஒரு பெரும. விசயம் என்னன்னா அந்தக் கதைய 1822-லயே பாபிங்டன் லண்டன்ல தமிழும் இங்கிலீஷுமா போட்டாரு, அப்புறம் 1861-ல ஆல்ஃபிரட் குரோக்வில்னு ஒரு ஓவியர் அதுக்கு அம்பது படம் போட்டு ஒரு புஸ்தகம் வந்துச்சு. அதாவது விக்டோரியா காலத்துல நம்ம குருவும் லண்டன்ல குதிரை ஏறிட்டாரு, கால்டிகாட் கில்பினை ஏத்துறதுக்கு 17 வருசம் முன்னாடியே.

ஓய்வு_டீச்சர்:

அது உரைநடை, இது பாட்டு, ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க. ஆனா குரு விசயம் நல்ல விசயம், ஒத்துக்கிடுதேன். ஒரு வித்தியாசம், குரு முட்டாள், கில்பின் முட்டாள் இல்ல.

பாளை_பேரன்:

லென்ஸ் வச்சுப் பாத்தேன். புள்ளி இல்ல! முகத்துல தோல் நிறம் தட்டையா, மேல மெல்லிசு மெல்லிசாக் கோடு. செவப்பு ஒரு பக்கமா ஒதுங்கித்தான் இருக்கு, மெஷின்மேன் அண்ணாச்சி சொன்ன மாதிரி ஒரு முடியளவு. ஒரு படத்து மூலையில சின்னதா ஆர்.சி.ன்னு எழுத்தும் இருக்கு. எந்த வருசத்து அச்சுன்னு முதல் தாள் இல்லாம சொல்ல முடியாது, பரவால்ல. விக்கப் போறதில்ல, தவளை அண்ணாச்சி கோவிச்சுக்கிடாதீங்க. அமிலம் இல்லாத தாள்ல வச்சு எடுத்து வைக்கணும்னு ஒருத்தரு சொன்னாரு, அதைப் பாக்கணும்.

நேத்து ராத்திரி அக்கா மகளுக்குக் கதையை முழுசாச் சொன்னேன். கூட்டாளி வீட்டுல கழுதை கத்தவும் குதிரை சிங்கத்தைக் கண்ட மாதிரி வெருண்டு திரும்பி ஓடுனது, கூட்டாளி குடுத்த தொப்பியும் டோப்பாவும் அவரு தலைக்குப் பெருசா இருந்து அதுவும் பறந்தது, வீட்டம்மா அரைக் கிரவுன் துட்டு குடுத்து ஒரு பயல அனுப்ப அவன் பிடிக்கப்போயி குதிரை இன்னும் வெருண்டது, ஆறு பேரு திருடன் திருடன்னு தொரத்துனது, ஏறுன வாசல்லயே வந்து எறங்குனது, எல்லாத்தையும் வாத்து சத்தம் குதிரைச் சத்தத்தோட சொன்னேன். சிரிச்சு முடிச்சுட்டு கேக்கா, "மாமா, அப்ப கல்யாண நாள் சாப்பாட்டை யாரு சாப்பிட்டா?" கூட்டாளி சாப்பிடக் கூப்பிட்டப்பக்கூட, பொண்டாட்டி எட்மண்டன்லயும் நான் வேர்லயும் சாப்பிட்டா ஊரு என்ன சொல்லும்னு அந்த மனுசன் சாப்பிடலியே. நானும் பாட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன், சத்திரத்துல வீட்டம்மாவும் பிள்ளைங்களும் சாப்பிட்டாங்களான்னு ஒரு வரி கூட இல்ல.

ஜட்கா_பேரன்:

குதிரையும் பட்டினிதான்னு பாப்பாகிட்ட சொல்லுங்க. லாயத்து வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பியிருக்கு.